யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் விண்ணப்பிக்கவில்லை

வெண்பனி:
வேலையிடத்தில் ஒரு பெரிய பொறுப்பு காலியானது. அதைப் பார்த்ததும் 'என்னால் முடியுமா' என்று நான் யோசிக்கவில்லை. மாலையில் பிள்ளையை யார் அழைத்து வருவார்கள், வீட்டில் என்ன சொல்வார்கள், இரவு தாமதமானால் எப்படித் திரும்புவது என்றுதான் மனம் ஓடியது. அதே பொறுப்புக்கு விண்ணப்பித்த ஆண் நண்பரிடம் கேட்டேன். இதில் ஒரு கேள்விகூட அவருக்கு எழவில்லை. என்னை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் நான் விண்ணப்பிக்கவில்லை. பெண்ணாக இருப்பது ஆசையை அது வாய்க்கு வரும் முன்பே குறைத்துவிடுகிறது.

நேர்கோடு:
தோழி, யாரும் தடுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது உங்கள் முடிவு. எல்லாவற்றுக்கும் பெண் என்பதையே காரணமாகச் சொன்னால், படிக்கிற பிள்ளைகள் முயற்சி செய்யும் முன்பே சோர்ந்துவிடுவார்கள். என் மகளிடம் 'நீ பெண், உனக்குக் கஷ்டம்தான்' என்று சொல்லி வளர்க்க எனக்கு மனமில்லை. திறமை இருந்தால் உலகம் காது கொடுக்கும்.

கடலோடி:
காது கொடுக்குமா? பென் பாரெஸ் என்ற நரம்பியல் அறிஞர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தவர். நாற்பது வயதைத் தாண்டும்வரை பெண்ணாக அறியப்பட்டு, 1997இல் ஆணாக மாறினார். மாறிய பிறகு அவர் உரையைக் கேட்ட ஒருவர், 'இவருடைய ஆய்வு இவர் சகோதரியின் ஆய்வைவிட எவ்வளவோ மேல்' என்றாராம். அந்தச் 'சகோதரி' வேறு யாருமல்ல, பழைய பெயரில் இருந்த பாரெஸேதான்! 2006இல் நேச்சர் இதழில் அவரே இதை எழுதினார். இப்போதெல்லாம் எந்த ஆணும் குறுக்கிடாமல் ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடிகிறது என்றும் எழுதினார். மூளை மாறவில்லை, உழைப்பு மாறவில்லை. கேட்பவர்களின் காதுதான் மாறியது.

நேர்கோடு:
மனதைத் தொடும் அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய அனுபவத்தை எல்லோருக்குமான விதியாக்க முடியாது.

திசைமானி:
நான் திருநங்கை. பாரெஸ் நடந்த பாதையில் எதிர்த்திசையில் வந்தவள். பெண்ணாக வாழத் தொடங்கிய பிறகு, பல வருடம் செய்த வேலையையே எனக்கு விளக்கிச் சொல்ல ஆள் வந்தார்கள். இருட்டிய பிறகு எந்தத் தெருவில் நடப்பது என்று யோசிக்கப் பழகினேன். இதெல்லாம் உண்மை. ஆனால் வெண்பனி, பெண் என்ற அடையாளம் ஆசையைக் குறைக்கிறது என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒளிந்து வாழ்ந்த காலத்தில் அடுத்த வருடம் என்ன செய்யலாம் என்றுகூட நான் யோசித்ததில்லை. என்னை நானாக ஏற்ற பிறகுதான் மேலே படிக்கவே ஆசை வந்தது. பாரம் அந்த அடையாளத்தில் இல்லை. அதன் தலையில் மற்றவர்கள் ஏற்றி வைக்கும் வேலையில் இருக்கிறது.

வெண்பனி:
சரி, திருத்திக்கொள்கிறேன். நான் சொல்ல வந்ததும் அந்த வேலையைத்தான். நேர்கோடு, ஒருவர் அனுபவம் போதாது என்றீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கையைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் உலக சராசரியாக நாளுக்கு 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். தினமும் மூன்று மணி நேர வித்தியாசம். அந்த நேரம் கையில் இருந்தால் நானும் 'முடியுமா' என்று மட்டும் யோசித்திருப்பேன்.

நேர்கோடு:
நேற்று என் வீட்டில் நான் செய்ததைக் கூட்டிப் பார்த்தேன். இருபது நிமிடம் தேறும். ஆனால் என் மனைவி விருப்பப்பட்டுத்தான் எல்லாம் செய்கிறார்.

கடலோடி:
அவரிடம் கேட்டீர்களா?

நேர்கோடு:
கேட்டதில்லை. இன்று இரவு கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். ஆனால் மகளிடம் 'கஷ்டம்' என்று சொல்லி வளர்க்க மாட்டேன், அதில் மாற்றமில்லை.

திசைமானி:
சொல்லாதீர்கள். அவள் பேசும்போது யாராவது குறுக்கிட்டால் மட்டும், 'அவள் முடிக்கட்டும்' என்று சொல்லுங்கள்.