‘லேட்டன்சி’: ஒரு சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கணினியில் ஒலி உள்ளே போய் வெளியே வர ஆகும் நேரத்தைக் குறிக்கும் ‘லேட்டன்சி’க்கு ‘உள்ளுறைவு’ எனலாம் என்று முன்மடலில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. உள்ளுறை வெப்பம் (‘லேட்டன்ட் ஹீட்’) வெப்பநிலைமானியில் தெரியாமல் பொருளுக்குள் ஒளிந்திருப்பதால் அப்பெயர் பெற்றது. ஒலியில் அப்படி எதுவும் ஒளிவதில்லை. ‘தாமதம்’ போதும் என்போருக்கு, வியாசர்பாடியில் சென்ற மாதம் நான் கண்ட கோளாற்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் கானா பதிவுசெய்யும் தம்பி ஒருவர், ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கித் தாமே பூட்டிய கணினியில், 2020 ஜனவரி 14 அன்று ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-ஐ இன்னும் ஓட்டுகிறார். பதிவில் அவ்வப்போது ‘பட்’டென்று ஒரு வெடிப்பு கேட்டது. ‘தாமதத்தைப் போக்க பஃபரைக் குறைக்கவும்’ என்ற தமிழ்க் குறிப்பை நம்பி, ஒலியைச் சிறிது சேர்த்துவைத்து அனுப்பும் அந்தத் தேக்கத்தை 512 மாதிரிகளிலிருந்து (ஒலியை அளந்தெடுத்த துணுக்குகள்) 128-க்கு இறக்கினார். வெடிப்பு பொரிகடலை வறுப்பதுபோல் ஆகிவிட்டது.

குறிப்பில் பிழையில்லை, அது வேறொரு கோளாற்றுக்கு எழுதப்பட்டது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்னும்போது 512 மாதிரிகளுக்கு 10.7 மில்லிநொடி ஆகும். அந்நேரத்தில் ஒலி காற்றில் 12 அடி செல்லும் என்பதால், டோலக்குக்காரர் சந்தின் எதிர்த்திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பதற்கு அது சமம். “அடி லேட்டா வுய்துண்ணா” என்று தம்பி முன்பு சொன்னது இதைத்தான். பஃபரை மாற்றாதவரை இது எப்போதும் ஒரே அளவில் இருக்கும், பஃபரைக் குறைத்தால் குறையும்.

வெடிப்புக்குக் காரணம் வேறு. வைஃபை அட்டையின் இயக்கி (அதை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள்), ஒத்திவைத்த தன் பணியை முடிக்கும்வரை செயலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருள் காட்டியது: பெரும்பாலும் 4 மில்லிநொடி, அரிதாக 11. ஒலிக்கான பணி அதுவரை காத்திருக்க, பஃபர் வறண்டுவிடுகிறது. 512-இல் அரிதாக நேர்ந்தது, 2.7 மில்லிநொடியே தாங்கும் 128-இல் ஓயாமல் நேர்ந்தது. அட்டையை முடக்கிக் கம்பி இணைப்புக்கு மாறியதும் 128-இலும் பதிவு தெளிவாக வந்தது.

ஆகவே இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். பஃபரால் வரும் முதலாவதற்கு ‘பிந்தல்’. முந்திப் பிந்தி என்று நாம் அன்றாடம் சொல்வதுதான். ‘அடி 10 மில்லிநொடி பிந்துகிறது’ என்று வினையாகவும் இயல்பாக நிற்கிறது. இயக்கியால் வரும் இரண்டாவதற்கு ‘இயக்கிச் சுணக்கம்’. வேலை சுணங்குகிறது என்றாலே யாரோ அதைக் கிடப்பில் போட்டிருக்கிறார் என்ற குற்றச்சாட்டு தொனிக்கும். இங்கே அந்தத் தொனி மிகப் பொருத்தம். ‘தாமதம்’ என்பதை, வேண்டுமென்றே ஒலியைத் தள்ளி ஒலிக்கவிடும் ‘டிலே’ விளைவுக்கு ஒதுக்கலாம்.

‘ஒலிப்பிந்தல்’ என்று சேர்த்தெழுதுவதில் யாருக்கேனும் மறுப்பு இருந்தால், சொற்பட்டியலில் ஏற்றுமுன் எழுதுங்கள்.

அன்புடன்,
வியாசர்பாடியிலிருந்து