ஸ்டில்ட் கார் பார்க்கிங்: வாங்கியவருக்குச் சொந்தமா, எல்லோருக்கும் பொதுவா?

மடிப்பாக்கம்வாசி:
“ஸ்டில்ட்டில் (கட்டடத்தின் அடியில் தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளத்தில்) உள்ள கார் நிறுத்துமிடத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டால், அதுவும் வீட்டைப் போலத் தனிச்சொத்துதான்” என்று பத்திரப்பிரியன் நேற்று எழுதியதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். மும்பை தஹிசரில் கட்டுநரான நஹல்சந்த் லாலூசந்த் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், ஸ்டில்ட் என்பது பொதுப்பகுதி, அதைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

பத்திரப்பிரியன்:
அது மகாராஷ்டிராவின் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துச் சொல்லப்பட்ட தீர்ப்பு. நாம் குடியிருப்பது சென்னையில். எனக்குத் தனி ரசீது உண்டு, விற்பனைப் பத்திரத்தில் நிறுத்துமிடத்தின் எண்ணும் உண்டு. பதிவுத்துறை ஏற்றுக்கொண்ட பத்திரத்தை ஒரு மும்பை வழக்கைக் காட்டித் தள்ளிவிட முடியாது.

மடிப்பாக்கம்வாசி:
கட்டுநரிடம் இல்லாத உரிமையைப் பத்திரம் எப்படி உங்களுக்குக் கொடுக்கும்? கட்டடம் நிற்கும் மனையில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் பிரிக்கப்படாத பாகம் இருக்கிறது. அந்தத் தூண்கள் ஊன்றியிருப்பதும் அதே மனையில்தான். வாகனம் நிறுத்துவதற்கான தளம் என்பதால்தான் ஸ்டில்ட்டைத் தளப்பரப்புக் குறியீட்டில், அதாவது மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கில், சேர்க்காமல் திட்ட அனுமதி தருகிறார்கள். கட்டடம் முழுவதற்கும் கிடைத்த அந்தச் சலுகையைத் துண்டு போட்டு விற்றவரைக் கேட்காமல், கேள்வி கேட்கும் எங்கள் மீது கோபப்படுகிறீர்கள்.

பத்திரப்பிரியன்:
2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தைப் படியுங்கள், ஐயா. பொதுப்பகுதிகளின் பட்டியலில் இருப்பது திறந்தவெளி நிறுத்துமிடம். என் இடத்துக்கு மேலே கான்கிரீட் கூரை இருக்கிறது. மீண்டும் சொல்கிறேன், உங்களுடையது மும்பைத் தீர்ப்பு.

மடிப்பாக்கம்வாசி:
அதே சட்டத்தில் கராஜ் (வண்டிக் கொட்டகை) என்றால் கூரையோடு மூன்று பக்கச் சுவரும் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்கள் இடத்தைச் சுற்றி நான்கு தூண்கள்தான் இருக்கின்றன. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்தையும் எடுத்துப் படியுங்கள்.

கொரட்டூர்க்காரி:
சுவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் குடியிருப்பில் ஒருவர் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பி, இரும்புக் கதவு மாட்டி, பழைய சாமான்களை அடைத்து வைத்திருக்கிறார். மழைநீர்க் குழாய் அதற்குள் ஓடுவதால், அடைப்பு எடுக்க வேண்டுமென்றால் அவரிடம் சாவி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. சட்டம் பேசும் இருவரும் இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

நாலாவதுமாடி:
ஸ்டில்ட்டுக்காக இவ்வளவு வாதாடுகிறவர்கள் மொட்டைமாடி ஒழுகும்போது எங்கே போனார்கள்? மாடி எல்லோருக்கும் பொது என்று துணி காயப்போட வருகிறார்கள். தளம் வெடித்து என் கூடத்துக் கூரை நனைந்தால் மட்டும் செலவு என் தலையில் விழுகிறது.

பத்திரப்பிரியன்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். மடிப்பாக்கம்வாசி சங்கச் செயலாளராக இருந்தபோது, இரண்டாவது காருக்கு இடம் கேட்டுக் கிடைக்காத வருத்தத்தில்தான் இந்தச் சட்ட ஞானம் பிறந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

மடிப்பாக்கம்வாசி:
என்னிடம் இருப்பது ஒரே ஒரு கார், அதுவும் தெருவில் நிற்கிறது. பராமரிப்புக் கட்டணத்தை மாதக்கணக்கில் நிலுவையில் வைத்திருப்பவர் என் நோக்கத்தை ஆராய வேண்டாம். நாலாவதுமாடி சொல்வது நியாயமான குறை. பொதுத்தளத்தைப் பழுதுபார்க்கும் செலவைச் சங்கம்தான் ஏற்க வேண்டும். ஆனால் அதே நியாயப்படி ஸ்டில்ட்டும் பொதுதான். வண்டி நிறுத்துவதற்கு இடத்தை ஒதுக்கித் தருவது வேறு, உரிமையாக விற்பது வேறு. உங்கள் பத்திரத்தில் உள்ள எண்ணை ஒதுக்கீடு என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். சொந்தம் என்று சொன்னால் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

பத்திரப்பிரியன்:
நிலுவைக்குக் காரணம் நீங்கள் காட்டாத கணக்கு. என் பத்திரம் என்னிடம் இருக்கிறது.

மடிப்பாக்கம்வாசி:
கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்பட்டது, நீங்கள்தான் வரவில்லை. நஹல்சந்த் வழக்கிலும் கட்டுநர் தன் கையில் ஒப்பந்தங்கள் இருப்பதாகத்தான் வாதாடினார்.

கொரட்டூர்க்காரி:
என் குழாய்க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.