புதுப்பிப்பு: கடைசியில் 360 மொடேனாதான்

பழைய ஃபெராரி கார்களில் எஃப்355 வாங்கலாமா, 360 மொடேனா வாங்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? 360 வந்துவிட்டது. அழகில் என் மனம் இன்னும் 355 பக்கம்தான். ஆனால் அதில் டைமிங் பெல்ட்டை (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் ரப்பர் பட்டை) மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். 360இல் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்தே வேலையை முடித்துவிடலாம்.

முதலில் பார்த்த வண்டியை விட்டுவிட்டேன். ஓடிய தூரம் மிகக் குறைவு என்று விற்பவர் பெருமைப்பட்டார். பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்றதும் பேச்சு டயருக்குத் தாவியது. வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் பெல்ட்டின் ரப்பருக்கு வயதாகுமே!

நான் வாங்கியது நிறையவே ஓடியது. ஆனால் ஒவ்வொரு ரசீதும் கோப்பில் இருக்கிறது. வாங்கும் முன் தனி மெக்கானிக்கிடம் காட்டி, கிளட்ச் தேய்மானத்தையும் பார்த்துக்கொண்டேன். இப்போது வேகத்தடையைக் கண்டால் மட்டும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.