புதுப்பிப்பு: பயாஸை அப்டேட் செய்த பிறகும் ஆக்டிவேஷன் பத்திரமாக இருக்கிறது

விண்டோஸ் 11-ஐ மறுபடி நிறுவுவதற்கு முன்னால் லேப்டாப்பின் பயாஸை (விண்டோஸுக்கு முன்பே ஓடி லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தால் ஆக்டிவேஷன், அதாவது விண்டோஸ் உரிமம் உறுதியான நிலை, போய்விடுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று இரண்டையும் முடித்துவிட்டேன். ஆக்டிவேஷன் அப்படியே இருக்கிறது.

பயந்தது ஒன்று, நடந்தது வேறு. டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தாமலே பயாஸை அப்டேட் செய்துவிட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டது. ஃபர்ம்வேர் (அதாவது பயாஸ்) மாறியதும், லேப்டாப் தொடங்கும் விதத்தைச் சரிபார்க்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் எடுக்கும் அளவீடு பழையதோடு ஒத்துப்போகவில்லை, அதனால் டிரைவ் பூட்டிக்கொண்டது. அதில் நான் இன்னும் நகலெடுக்காத ஒரு ஃபோல்டர் வேறு இருந்தது. நல்ல வேளை, கீ என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. போனைப் பார்த்து ஆறு ஆறு இலக்கமாக அடித்து முடிக்கும் வரை கை நடுங்கியது. நீங்கள் செய்வதாக இருந்தால் தயவுசெய்து முதலில் கோப்புகளை நகலெடுங்கள், பிட்லாக்கரை நிறுத்திவையுங்கள், கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சார்ஜரும் செருகியே இருக்கட்டும்.

அப்புறம் நிறுவியது சுலபம்தான். என் லேப்டாப்பின் ப்ராடக்ட் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருப்பதால் எதுவும் கேட்காமல் ஹோம் பதிப்பைத் தானே எடுத்துக்கொண்டது. டிஜிட்டல் லைசென்ஸ் (கீ இல்லாமல் கணினியின் வன்பொருளோடு பிணைந்த உரிமம்) மட்டும் உள்ளவர்கள், கீ கேட்கும்போது இல்லை என்று சொல்லிவிட்டு, முன்பிருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். மதர்போர்டை மாற்றியிருந்தால் மட்டும் கதை வேறு.