சாமுவேல் பர்ச்சஸ்: காத்தவரா, கத்தரித்தவரா?

பழையஏடு:
போன இழையில் ஒருவர் சாமுவேல் பர்ச்சஸைப் பயண இலக்கியத்தின் காவலர் என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பக்கம் தாக்ஸ்டெட்டில் பிறந்த பாதிரியார். அந்த ஊரைவிட்டு 200 மைல்கூடப் போனதில்லை என்று தானே எழுதியிருக்கிறார். இவருக்கு முன்பே பயணக் குறிப்புகளைத் தொகுத்துவந்த ஹாக்லூட் 1616-ல் இறந்துபோனார். அவர் சேர்த்து வைத்த கையெழுத்துப் படிகள் பிறகு இவர் கைக்கு வந்தன. 1625-ல் நான்கு தடித்த தொகுதிகளாக அச்சேற்றினார். தனக்கு அலுப்பூட்டிய இடமெல்லாம் கத்தரி. ஜஹாங்கீர் அவைக்கு இங்கிலாந்திலிருந்து தூது போன தாமஸ் ரோவின் நாட்குறிப்பு எந்த அளவுக்கு நறுக்கப்பட்டது என்பது, 1899-ல் வில்லியம் ஃபாஸ்டர் கையெழுத்துப் படியிலிருந்து பதிப்பித்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

கடலோரம்:
அண்ணே, ரோவை இழுத்தது உங்களுக்கே பாதகம். அந்தக் கையெழுத்துப் படி 1618 தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது. ரோ இந்தியாவை விட்டுக் கிளம்பியதோ 1619-ல். இடைப்பட்ட காலத்து நாட்குறிப்பில் நமக்கு மிஞ்சியிருப்பது பர்ச்சஸ் அச்சிட்ட துண்டுகள்தான். ஃபாஸ்டரும் அதைத்தான் எடுத்துப் போட்டார். கத்தரித்தவர் இல்லையென்றால் அதுவும் இல்லை. ஊர் தாண்டாதவர் என்ற கிண்டலும் வேண்டாம். 1604-லிருந்து பத்து வருடம் அதே எஸ்ஸெக்ஸில் ஈஸ்ட்வுட்டில் பாதிரியாராக இருந்தார். லீ துறைமுகம் கூப்பிடு தூரம், தேம்ஸ் கடலில் கலக்கும் இடம். மாலுமிகள் சொன்னதைக் கேட்டே வளர்ந்த ஆர்வம் அது.

பழையஏடு:
வீடு எரியும்போது நாலு சாமானை வெளியே எறிந்தவர் என்கிறீர்கள். எதை எறிவது என்று அவரே முடிவு செய்தார் என்பதுதான் என் புகார்.

நிலாமுற்றம்:
வெட்டியதைப் பற்றியே பேசுகிறீர்கள் இரண்டு பேரும். அவர் சேர்த்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1622-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பூர்வகுடிகள் தாக்கியதில் ஆங்கிலேயக் குடியேறிகள் 347 பேர் செத்தார்கள். அதைக் காரணம் காட்டி, இனி அந்த மண்ணில் பூர்வகுடிகளுக்கு உரிமையே இல்லை என்று பர்ச்சஸ் ஒரு கட்டுரை எழுதி அதே தொகுப்பில் நுழைத்தார். வேதவசனத்தோடு! தொகுப்பாளர் என்ற போர்வைக்குள் நில அபகரிப்புக்கு வக்கீல்.

கடலோரம்:
அந்தக் கட்டுரைக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன், அக்கா. படித்தாலே குமட்டும். ஆனால் வெட்டியதெல்லாம் நஷ்டம் என்பதை ஏற்கமாட்டேன். எட்வர்ட் டெர்ரியைப் பாருங்கள், ரோவோடு இருந்த பாதிரியார். அவர் எழுதியதைச் சுருக்கமாக 1625-லேயே பர்ச்சஸ் போட்டார். டெர்ரியே 1655-ல் அதை விரித்துத் தனி நூலாக்கினார். அந்த நூலில் பழத்தைப் பற்றிச் சொல்ல வந்தாலும் பிரசங்கத்தில் போய் முடியும்.

பழையஏடு:
பிரசங்கமோ அலுப்போ, அது டெர்ரியின் சொந்தச் சரக்கு தம்பி. எனக்கு அதுதான் வேண்டும்.

கடலோரம்:
சரி அண்ணே. அந்த 1655 புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.