நூலகத்துக் கணினியில் ஒரு பெயரைத் தேடி

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னப் பட்டணம். கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது நூலகத்துக்குத் தனிக் கட்டடம் எதற்கு என்று இந்தக் குழுவில் சிலர் கேட்டிருந்தீர்கள். நானும் அப்படிப் பேசியவன்தான். போன வருஷம் வீட்டில் இணையம் படுத்துவிட்டது. ஒரு பாரம் நிரப்ப நூலகத்துக்குப் போனேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்து, ஓய்ந்தவர். தமிழ் நேசன் படிக்க வந்து பழகியவராம். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்ற பிறகும் வருவதை விடவில்லை. “தம்பி, பழைய தமிழ் முரசெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்காமே, நெசமா?” என்றார்.

இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களைப் போட்டுவைத்திருக்கும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தைத் திறந்து காட்டினேன். அவருக்கு வேண்டியது 1950-களின் கடைசி. சின்னப் பையனாக இருந்தபோது தமிழ் முரசின் மாணவர் மணிமன்றப் பகுதிக்கு நாலு வரி எழுதிப் போட்டாராம். பெயரோடு வந்ததாம். தோட்டத்துக் கணக்கரான கிராணி அதை, காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தாராம். கத்தரித்து வைத்திருந்த துண்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்து மலிவுவிலை வீட்டுக்கு மாறியபோது தொலைந்துபோனது.

எந்த வருஷம், எந்த மாசம் என்று கேட்டேன். “மழை. அன்னிக்கு மரம் வெட்டு இல்ல. அதனாலதான் எல்லாரும் நின்னு கேட்டாங்க.” இதை வைத்துக்கொண்டு எப்படித் தேடுவது?

சனிக்கிழமைதோறும் உட்காருகிறோம். பக்கத்தைப் பெரிதாக்கினால் அவர் திரையில் நகத்தை வைத்து வரிவரியாக நகர்த்துவார். ரப்பர் விலையைக் கண்டால் நின்றுவிடுவார், சினிமா விளம்பரம் என்றால் கேட்கவே வேண்டாம். கைப்பேசியில் இதைச் செய்ய அவர் கண்ணுக்கு வழியில்லை. நூலகத்து மலாய்க்கார அக்கா, ஓரத்தில் இருந்த பெரிய திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

தைப்பிங்கிலிருந்து ஒருவர் பதில்: 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் ஊர் நூலகமும் பூட்டிக் கிடந்தது. என் மகள் படித்ததெல்லாம் ஒரே கைப்பேசியில், தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு. நூலகம் திறந்த அன்று அவள் புத்தகம் எடுக்கவில்லை, மேசையில் தலைவைத்து ஒரு மணி நேரம் தூங்கினாள்! நான் எழுப்பவில்லை.

பினாங்கிலிருந்து ஒருவர் பதில்: இங்கே 2016-இல் மின்னூலகம் என்றே ஒன்று திறந்தார்கள், இருபத்துநாலு மணி நேரமும். மின்னூலை வீட்டிலிருந்தே படிக்கலாம்தானே? ஆனாலும் நடுராத்திரி போனபோது எனக்கு உட்கார இடமில்லை. அப்புறம், அந்தத் தாத்தாவின் பெயர் கிடைத்ததா?

முதலில் எழுதியவர்: இன்னும் இல்லை. 1958 பிப்ரவரி வரை வந்திருக்கிறோம். போன வாரம் அவர் பெயரிலேயே வேறொரு பையன் கிடைத்தான், ஜொகூர்க்காரன். தாத்தா அவன் எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்கான்” என்றார்.