மட்டன் ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஸ்டான்லி 5: எந்தக் காலத்தது?

செம்பூர்க்காரன்
போன வெள்ளிக்கிழமை மும்பை சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில் ஒரு ஸ்டான்லி நெ. 5 இரும்பு இழைப்புளி வாங்கினேன். 14 அங்குல நீளம், மூக்கில் ‘பெய்லி’ என்று வார்த்திருக்கிறது. ஃபிராக்குக்கு (வெட்டும் தகடு சாய்ந்திருக்கும் இரும்புத் தாங்கி) பின்னால் மூன்று தேதிகள்: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. முன்குமிழ் குட்டை. லீவர் கேப்பில் (தகட்டை அழுத்திப் பிடிக்கும் மூடி) ஸ்டான்லி பெயர், துளை முந்திரிக்கொட்டை வடிவம். தகட்டில் ‘மேட் இன் இங்கிலாந்து’. கடைக்காரர் 1910ஆம் வருஷத்துச் சாமான் என்று அடித்துச் சொன்னார். எதை நம்புவது?

தாராவி ஆசாரி
தம்பி, அந்த மூன்றும் காப்புரிமைத் தேதிகள். செய்த நாள் இல்லை. ஆனால் மூன்றும் ஒன்றாக இருப்பதால் உடல் 1910க்கும் 1918க்கும் இடைப்பட்ட அமெரிக்க வார்ப்பு; சேகரிக்கிறவர்கள் டைப் 11 என்பார்கள். குட்டைக் குமிழும் பொருந்துகிறது, உயரக் குமிழ் 1919 வாக்கில்தான் வந்தது.

லீவர் கேப் வேறு ஆள். முந்திரித் துளை 1933 வாக்கில் வந்தது. இந்த உடலோடு பிறந்த கேப்பாக இருந்தால் துளை சாவித்துவாரம் மாதிரி இருக்கும், முகப்பில் பெயரே இருக்காது. தகடு இன்னும் பிந்தியது. ஸ்டான்லி ஷெஃபீல்டில் செய்யத் தொடங்கியதே 1930களின் பிற்பகுதியில்.

இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. பட்டறையில் தகடு தேய்ந்தால் கிடைத்ததைப் போட்டு வேலையை முடிப்போம். அலமாரியில் வைக்கத்தான் என்றால் விலை குறையும், மரம் இழைக்க என்றால் ஒன்றும் குறையாது. நான் முதலில் பார்ப்பது வாய்ப் பக்கம் விரிசல் இருக்கிறதா என்று. அடுத்து குமிழின் அடி. இந்தக் கால உடலில் குமிழைச் சுற்றி வளையம் கிடையாது, அதனால் மரம் அடியில் பிளக்கும். வளையம் 1930ஐ ஒட்டித்தான் வந்தது.

தகட்டை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரத்தின் அகலம் எவ்வளவு?

செம்பூர்க்காரன்
அண்ணே, சரியாக 1 அங்குலம். வாயில் விரிசல் இல்லை. குமிழில் மயிரிழைப் பிளவு இருக்கிறது. கைப்பிடியின் முன்கால் திருகைக் காணோம்.

தாராவி ஆசாரி
சக்கரம் உடலோடு வந்ததுதான். 1919க்கு அப்புறம் ஒன்றேகால் அங்குலம் ஆக்கிவிட்டார்கள். பிளவில் பசை விட்டு இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடு.

முலுண்ட் ராஜி
திருகுக்காக நாக்தேவி ஸ்ட்ரீட் போகிறவர்கள் கவனிக்க. மில்லிமீட்டர் திருகு எதுவும் இதில் ஏறாது. ஸ்டான்லியின் மரை 12-20 (12ஆம் எண் திருகு, அங்குலத்துக்கு 20 மரை), சாதாரணக் கடையில் கிடைக்காத அளவு. எம்5 என்ற 5 மில்லிமீட்டர் திருகை முறுக்கி ஏற்றிப் பாழாக்கிய உடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உடைந்த பழைய நெ. 5 எங்காவது கிடைத்தால் திருகை மட்டும் கேட்டு வாங்குங்கள். நெ. 4 வேண்டாம், அதன் கைப்பிடியில் முன்கால் திருகே கிடையாது. அப்புறம், அந்தப் பித்தளைச் சக்கரம் இடது மரை. இறுகியிருக்கிறது என்று குறடு போடுவதற்கு முன் எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள்.